ஜின்செங் விதை மண்ணுக்குள் ஒன்றரை ஆண்டு என்ன செய்கிறது?

கேட்கப்பட்டது இது: வேருக்காக வளர்க்கப்படும் மூலிகைச் செடியான ஜின்செங்கின் விதைகளை ஈரமண்ணில் போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒன்றுகூட முளைக்கவில்லை, ஆனால் அழுகவும் இல்லை. விதை உறக்கம் கலையும்போது உள்ளே என்ன வேதி மாற்றங்கள் நடக்கின்றன? வளர்ச்சியைத் தூண்டும் தாவர ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைத்தால் இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிடலாமா?

விதை கெட்டியாக, அழுகாமல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரே ஒரு விதையை மட்டும் எடுத்து, கூரிய பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மாங்கொட்டை ஓட்டைப் போன்ற கடினமான ஓடு வெளியே இருக்கும். அதற்குள் வெண்மையாக, எண்ணெய்ப் பசையோடு நிறைந்திருப்பது கருவூண், அதாவது கருவுக்கான உணவுக் கிடங்கு. அந்தக் கருவூணின் ஒரு முனையில் இருப்பதுதான் கரு. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தக் கருவின் நீளத்தில் இருக்கிறது.

பழத்திலிருந்து எடுத்த புதிய விதையில் கருவின் நீளம் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கருவூணோ ஐந்து மில்லிமீட்டர் அளவு. நெல்லிலும் அவரையிலும் தாய்ச் செடியிலேயே கரு முழுமை பெற்றுவிடுகிறது; நாம் விதைப்பது தயாராக இருக்கும் ஒரு குட்டிச் செடியைத்தான். ஜின்செங் தன் கருவை அரைகுறையாகவே வெளியே அனுப்பிவிடுகிறது. மீதி வளர்ச்சி முழுவதும் மண்ணுக்குள், தாயின் துணையில்லாமல் நடந்தாக வேண்டும். அதனால்தான் இந்த விதையைப் பொறுத்தவரை ‘உறக்கம்’ என்ற பாடநூல் சொல் எனக்கு எப்போதுமே உறுத்தும். வெளியிலிருந்து பார்த்தால்தான் அது உறக்கம். உள்ளே ஓயாத வேலை நடக்கிறது.

விதை உறக்கத்தில் பல வகை உண்டு. கொன்றை விதை முளைக்காததற்குக் காரணம் அதன் தோல் நீரை உள்ளே விடாததுதான். தோலைச் சுரண்டினாலோ அமிலத்தில் சற்று நேரம் வைத்தாலோ முளைத்துவிடும். கேரட், கொத்தமல்லி வகையறாக்களில் கரு சிறியதாக இருக்கிறது. நீர் கிடைத்ததும் விதைக்குள்ளேயே வளர்ந்து சில வாரங்களில் வெளியே வருகிறது. இவை ஜின்செங்கின் தூரத்து உறவினர்கள், ஒரே தாவர வரிசையைச் (order) சேர்ந்தவை. ஆப்பிள் விதையில் கரு முழுமையாகவே இருக்கிறது. ஆனால் குளிர் படாமல் அது அசையாது. ஜின்செங்கில் பின்னிரண்டு சிக்கல்களும் சேர்ந்திருக்கின்றன. கரு வளரவும் வேண்டும். வளர்ந்த பின் அதன் உடலியல் தடையும் நீங்க வேண்டும். ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலயேவா வகுத்த முறையை விரிவுபடுத்தி, அமெரிக்காவின் கரோல் பாஸ்கின், ஜெர்ரி பாஸ்கின் தம்பதியர் 2004-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்கு உருவ-உடலியல் உறக்கம் என்று பெயர். ஓட்டைச் சுரண்டுவதால் இங்கே பெரிய பயன் இல்லை. ஓடு கடினமானதே தவிர நீர் புகாததல்ல.

இந்த இரண்டு சிக்கல்களும் இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளைக் கேட்கின்றன. முதல் வேலையான கருவின் வளர்ச்சிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், அதோடு ஈரமும் காற்றும். இரண்டாவது வேலைக்கு 2 முதல் 5 டிகிரி குளிர், ஏறத்தாழ மூன்று மாதம். வரிசை மாறக்கூடாது. வளராத கருவுக்கு எவ்வளவு குளிர் கொடுத்தாலும் அந்தக் குளிர் வீண். எல்லாவற்றையும் விளக்கும் சாவி இந்த ஒரு செய்திதான்.

அமெரிக்க ஜின்செங் காட்டில் முளைக்க ஏன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பதை இப்போது பாருங்கள். பழம் பழுப்பது ஆகஸ்டு, செப்டம்பரில். விதை விழுந்து கரு வளரத் தொடங்குவதற்குள் மண் குளிர்ந்துவிடுகிறது. முதல் குளிர்காலம் முழுக்க, வளராத கருவின் மேல் பயனில்லாமல் கடந்து போகிறது. அடுத்த கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் கரு வளர்கிறது. இரண்டாவது குளிர்காலம் தடையை நீக்குகிறது. அதற்கடுத்த வசந்தத்தில் முளை.

கொரிய விவசாயிகள் இந்தக் கணக்கை அனுபவத்தால் புரிந்துகொண்டு ஓர் ஆண்டை மிச்சப்படுத்தினார்கள். நான்கு வயதுச் செடிகளின் சிவந்த பழங்களை ஜூலையிலேயே பறித்து, சதையைத் தேய்த்து நீக்கி, விதையை மணலோடு மாறி மாறி அடுக்கி, நிழலில் வைத்து நாள்தோறும் நீர் விடுகிறார்கள். ஏறத்தாழ நூறு நாளில், அக்டோபர் இறுதிவாக்கில், ஓடு வாய் பிளக்கிறது. இதற்குக் கொரிய மொழியில் ‘கேகாப்’ என்று பெயர். முதல் குளிர்காலம் வருவதற்குள் கரு தயாராகிவிடுவதால், அந்தக் குளிர் வீணாவதில்லை. அடுத்த வசந்தத்திலேயே முளைத்துவிடும். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் ஜின்செங் வளர்த்தவர்களின் கைப்பழக்கத்திலிருந்து வந்த அறிவு இது. எனக்கு இதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இனி வேதியியல்.

வெப்பக் கட்டத்தில் கருவுக்குச் சாப்பாடு போடுவது கருவூண். அதன் செல்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் எண்ணெய்த் துளிகளும் புரத உடலங்களும்தான். மாவுச்சத்து மிகக் குறைவு. செல் சுவர்கள் தடித்தவை. கரு வளர வேண்டுமானால் முதலில் இடம் வேண்டும். எனவே கருவைச் சுற்றியுள்ள கருவூண் செல்களின் சுவர்கள் நொதிகளால் கரைக்கப்படுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், கருவை ஒட்டி உடைந்து நசுங்கிய செல்களின் அடுக்கு ஒன்று தெரியும். அதற்கு அப்பால் பாதி கரைந்த செல்கள், அதற்கும் அப்பால் இன்னும் தொடப்படாத செல்கள். கரு முன்னேற முன்னேற இந்தக் கரையும் எல்லையும் முன்னே நகர்கிறது. செலரி விதையிலும் இதே காட்சிதான். அங்கே ஜிப்ரலின் என்ற ஹார்மோன்தான் (ஜிப்ரலிக் அமிலம் அதில் ஒரு வகை) இந்தக் கரைப்பைத் தூண்டுகிறது.

அடுத்தது எண்ணெய். இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் தாவர உலகின் மிக அழகான வேதிவினைகளில் இது ஒன்று. கரு வளரச் சர்க்கரை வேண்டும்: செல் சுவர் கட்ட, மூச்சுவிட, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல. ஆனால் சேமிப்போ எண்ணெயாக இருக்கிறது. கொழுப்பமிலத்தைச் சர்க்கரையாக்க நம்மைப் போன்ற விலங்குகளால் முடியாது. நம் உடலில் கொழுப்பமிலம் இரண்டு கார்பன் கொண்ட துண்டுகளாக உடைந்தபின், அந்தத் துண்டுகள், செல்லின் மூச்சுவிடுதலில் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சிக்குள் போய் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகின்றன. விதைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதன் பெயர் கிளையாக்ஸிலேட் சுழற்சி. 1957-இல் கோர்ன்பெர்க்கும் கிரெப்ஸும் அதைக் கண்டறிந்தார்கள்.

செய்முறை இப்படி: லிப்பேஸ் நொதி எண்ணெயைக் கொழுப்பமிலமாகவும் கிளிசராலாகவும் பிரிக்கிறது. கொழுப்பமிலம், கிளையாக்ஸிசோம் என்ற நுண்ணுறுப்புக்குள் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்பட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. கிரெப்ஸ் சுழற்சியில் கார்பன் இழப்பு நடக்கும் இரண்டு படிகளையும் ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சிந்தேஸ் என்ற இரு நொதிகள் சேர்ந்து தாண்டிவிடுகின்றன. கிடைக்கும் சக்சினேட் மைட்டோகாண்டிரியாவுக்குப் போய், சில மாற்றங்களுக்குப் பிறகு குளுக்கோஸ் உருவாகும் பாதையில் திரும்பி, கடைசியில் சுக்ரோஸ் ஆகிறது. நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரை. எண்ணெய் விதை ஒன்று விழித்துவிட்டதா என்பதை அறிய உடலியலாளர்கள் முதலில் ஐசோசிட்ரேட் லையேஸின் செயல்பாட்டைத்தான் அளப்பார்கள். அந்த நொதிக்கு விதையில் வேறு பெரிய வேலை இல்லை என்பதால், அது கூடினால் எண்ணெய் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கிளையாக்ஸிசோமை முதன்முதலில் பிரித்தெடுத்தது எந்த விதையிலிருந்து என்று தெரியுமா? நம் ஊர் வேலியோரம் நிற்கும் ஆமணக்கிலிருந்துதான். 1967-இல் பிரைடன்பாக்கும் பீவர்ஸும் ஆமணக்கின் கருவூணில் அதைக் கண்டார்கள். என் மாணவர்களுக்கு இதை விளக்கும்போது நான் எப்போதும் ஆமணக்கைத்தான் கொண்டுவரச் சொல்வேன். ஊறவைக்காத விதையைத் தாளில் வைத்து நசுக்கினால் எண்ணெய்க் கறை பரவும். ஈரமணலில் முளைக்கவிட்டு, நாள்தோறும் ஒன்றைப் பிளந்து பார்த்தால், தடித்த கருவூண் மெலிந்து மெலிந்து கடைசியில் வெறும் சவ்வாகிவிடும். எண்ணெய் முழுதும் சர்க்கரையாகி நாற்றுக்குள் போயிருக்கும். ஆமணக்கில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நடந்து முடியும் இந்த வேலையை, ஜின்செங் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் செய்கிறது. பாதை ஒன்றுதான், வேகம்தான் வேறு.

வந்துசேரும் சுக்ரோஸை கரு உடனே முழுதும் செலவழித்துவிடுவதில்லை. ஒரு பகுதியைத் தன் செல்களில் மாவுச்சத்து மணிகளாகத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கிறது. எண்ணெய் சேமித்திருந்த விதைக்குள் திடீரென்று மாவுச்சத்து தென்பட்டால் குழம்பிவிட வேண்டாம்.

புரதங்களின் கதையும் இதைப் போன்றதே. சேமிப்புப் புரதங்கள் புரோட்டியேஸ் நொதிகளால் அமினோ அமிலங்களாக உடைகின்றன. அவற்றில் கவனிக்க வேண்டியது ஆர்ஜினின். ஒரு மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்களைச் சுமக்கும் அது, விதைகளுக்கு நைட்ரஜன் கிடங்கு மாதிரி. ஆர்ஜினேஸ் நொதி அதை உடைத்து, கரு புதிய புரதங்களைக் கட்டத் தேவையான நைட்ரஜனை விடுவிக்கிறது. புரத உடலங்களுக்குள் உள்ள பைட்டின் என்ற சேமிப்பு உப்பிலிருந்து பாஸ்பரசும் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியே வருகின்றன.

இந்த வேலைகளுக்கெல்லாம் ‘தொடங்கு’ என்றும் ‘நிறுத்து’ என்றும் கட்டளையிடுபவை ஹார்மோன்கள். நிறுத்தச் சொல்வது அப்சிசிக் அமிலம். தொடங்கச் சொல்வது ஜிப்ரலின். ஜின்செங்கில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் கருவூணில் மட்டுமல்ல, பழச் சதையிலும் ஓட்டிலும்கூட இருக்கின்றன. சதையைத் தேய்த்து நீக்குவதற்கும் நாள்தோறும் நீர் விடுவதற்கும் இதுவும் ஒரு காரணம். ஈரத்தைக் காப்பதோடு, கரையக்கூடிய தடைப்பொருட்களை அந்த நீர் கழுவிக்கொண்டும் போகிறது. (காட்டில் இந்தச் சதையை நீக்கும் வேலையைச் சில பறவைகள் செய்கின்றன. வட அமெரிக்காவின் காட்டுப் பூங்குருவி ஒன்று பழத்தை விழுங்கி, விதையை மட்டும் உயிரோடு வெளியே கக்கிவிடுகிறது.)

விதைக்குள் உள்ள அப்சிசிக் அமிலம் தானாகக் கரைந்து போவதில்லை. அதைச் சிதைக்க ஒரு நொதி வேண்டும். மூலக்கூறின் எட்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்யும் அந்த நொதியின் மரபணுக் குடும்பம், சிஒய்பி707ஏ என்ற பெயரில் 2004-இல், ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அடையாளம் காணப்பட்டது. அப்சிசிக் அமிலத்தை உருவாக்கும் நொதி ஒரு பக்கம், சிதைக்கும் நொதி மறுபக்கம். உறக்கம் கலைவது என்பது பெருமளவுக்கு இந்தத் தராசு சிதைக்கும் பக்கம் சாய்வதுதான். ஜிப்ரலினுக்கும் இப்படியே. அதை முழுமையாக்கும் நொதிகள் கூட, செயலிழக்கச் செய்யும் நொதிகள் குறைய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. அந்தக் கட்டளையைக் கேட்கும் காது செல்லுக்கு இருக்கிறதா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஜிப்ரலினைப் பற்றிப்பிடிக்கும் ஜிட்1 என்ற ஏற்பி 2005-இல் நெல்லில் கண்டறியப்பட்டது. ஜிப்ரலின் அதில் பொருந்தியதும், வளர்ச்சியை அடக்கிவைத்திருக்கும் டெல்லா புரதங்கள் அழிக்கப்படுகின்றன. வளர்ச்சி விடுதலை பெறுகிறது.

நூறு நாள் முடிவில் கரு சுமார் மூன்று மில்லிமீட்டருக்கு வளர்ந்திருக்கும். உள்ளிருந்து எழும் நெருக்கத்தில் ஓட்டின் பொருத்துக் கோடு பிளக்கிறது. பார்க்கிறவர்களுக்கு முளைத்தே விட்டது போலத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஓடு பிளந்த விதையை வெதுவெதுப்பான இடத்திலேயே வைத்திருந்தால் அது அப்படியே நிற்கும், கடைசியில் அழுகும். கரு உருவாகிவிட்டது, அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

அந்த அனுமதியைத் தருவது குளிர். குளிர் என்றாலே வேதிவினைகள் மந்தமாகும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் எல்லா வினைகளும் ஒரே அளவில் மந்தமாவதில்லை. சில மரபணுக்கள் குளிரில்தான் விழிக்கின்றன. ஜிப்ரலினை அதன் செயல்வடிவத்துக்குக் கொண்டுவரும் கடைசிப் படியின் நொதியை உருவாக்கும் மரபணு, அரபிடாப்சிஸ் விதையில் குளிர் பட்டதும் தூண்டப்படுகிறது. ஜின்செங்கிலும் குளிர்க் கட்டத்தில் அப்சிசிக் அமிலத்துக்கும் ஜிப்ரலினுக்கும் இடையிலான விகிதம் ஜிப்ரலின் பக்கம் சாய்கிறது. கருவின் வளர்ச்சி மெதுவாகத் தொடர்கிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்து கரையும் சர்க்கரையாக மாறுகிறது. இந்தச் சர்க்கரை உறைநிலைக்கு அருகில் செல்களைப் பாதுகாக்கும். வசந்தத்தில் முளை எழும்போது உடனடி எரிபொருளாகவும் ஆகும்.

இன்னொரு மாற்றம் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களைப் பற்றியது. அளவு கூடினால் செல்லைக் கொல்லும் நஞ்சு இது. அளவோடு இருந்தால், சில புரதங்களை ஆக்சிஜனேற்றம் செய்து உறக்கம் கலைவதற்கான சமிக்ஞையாகிறது. கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஆகிய நொதிகள் அந்த அளவைக் கட்டிக்காக்கின்றன. விதை உடலியலில் இதை ஓர் ஆக்சிஜனேற்றச் சாளரம் என்று உருவகிக்கிறார்கள்: கீழ் எல்லைக்குக் கீழே போனால் விதை விழிக்காது, மேல் எல்லையைத் தாண்டினால் இறந்துவிடும்.

இப்போது ஜிப்ரலிக் அமிலம். அது வேலை செய்கிறது, மறுக்க மாட்டேன். மணலில் அடுக்குவதற்கு முன் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கரைசலில் ஒரு நாள் ஊறவைப்பது கொரியாவில் வழக்கத்தில் உள்ள முறை. கரு வேகமாக வளர்கிறது. ஓடு சீக்கிரம் பிளக்கிறது. பிளக்கும் விதைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஓடு பிளந்த விதைக்குக் கொடுத்தால் குளிரின் தேவையையும் ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் நேற்றுப் பறித்த விதையை ஊறவைத்து நாளை முளையை எதிர்பார்க்க முடியாது. ஹார்மோன் ஒரு கட்டளை மட்டுமே. செல் சுவர் கரைய, எண்ணெய் சர்க்கரையாக, அரை மில்லிமீட்டர் கருவில் செல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வேரும் தண்டும் இலையும் உருவாக, காலம் வேண்டும். மேஸ்திரி எத்தனை உரக்கச் சொன்னாலும் சுவர் செங்கல் செங்கலாகத்தான் எழும். அளவு கூடினால் நாற்று ஒல்லியாக நீண்டு துவளும் ஆபத்தும் உண்டு. ஜிப்ரலின் முதலில் கண்டறியப்பட்டதே, பூஞ்சை தாக்கி அளவுக்கு மீறி நெடுநெடுவென்று வளர்ந்து சாயும் நெற்பயிரை ஆராய்ந்தபோதுதான். 1926-இல் ஜப்பானிய அறிவியலாளர் குரோசாவா அந்த நோய்க்குப் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே காரணம் என்று காட்டினார்.

உங்கள் விதைகளுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது புதிய விதையா, ஏற்கெனவே மணலில் அடுக்கிப் பதப்படுத்தியதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் இரண்டும் விற்கிறார்கள். ஓடு பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கவில்லை, கருவும் புள்ளி அளவில்தான் இருக்கிறது என்றால், அந்த எட்டு மாதத்தில் அவற்றுக்குப் போதிய மித வெப்பம் கிடைக்கவில்லை, அல்லது அளவுக்கு மீறிய வெப்பம் இருந்திருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் ஈரமாக வைத்தால் கருவுக்கு முன் பூஞ்சைதான் வளரும். மணலில் அடுக்கி, 15 முதல் 20 டிகிரியில், நீர் தேங்காமல், காற்றோட்டத்தோடு மூன்று நான்கு மாதம் வைத்திருங்கள். ஓடு பிளந்த பிறகு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறையவைக்கும் அறையில் அல்ல, ஈரமணலோடு மூன்று மாதம். எந்தக் கட்டத்திலும் காயவிடாதீர்கள். நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்கக்கூடிய விதை அல்ல இது. உலர்ந்தால் முளைப்புத்திறன் விரைவாக விழுந்துவிடும்.

உயிர் இருக்கிறதா என்ற ஐயம் தீரவில்லையென்றால் டெட்ராசோலியம் சோதனை இருக்கிறது. பிளந்த விதையை அந்த நிறமற்ற உப்புக் கரைசலில் இருட்டில் வைத்தால், மூச்சுவிடும் செல்களில் உள்ள டிஹைட்ரோஜினேஸ் நொதிகள் அதைச் சிவப்பாக மாற்றும். இறந்த திசு வெளிறியே இருக்கும். அருகிலுள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இந்திய ஜின்செங்’ என்ற பெயரில் விற்கப்படும் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, இந்தக் குடும்பமே அல்ல. அது கத்தரி, தக்காளியின் உறவு. அதன் விதை இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். அந்த அனுபவத்தை வைத்து ஜின்செங்கை அளக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக நடந்து முளை வந்தால், முதல் ஆண்டில் உங்களுக்குக் கிடைப்பது ஒற்றைக் காம்பில் மூன்று சிற்றிலைகள் மட்டுமே. இலையுதிர் காலத்தில் அதுவும் வாடி விழும். வேரின் தலையில் அடுத்த ஆண்டுக்கான மொட்டு ஒன்று இருக்கும். அந்த மொட்டுக்கும் குளிர் வேண்டும், ஏறத்தாழ விதை கேட்ட அதே அளவுக்கு. அங்கேயும் ஜிப்ரலின் குளிருக்கு ஈடாக நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் விழும் தண்டு, வேரின் கழுத்தில் ஒரு தழும்பை விட்டுப் போகும். பழைய ஜின்செங் வேரின் வயதை வியாபாரிகள் அந்தத் தழும்புகளை எண்ணித்தான் சொல்கிறார்கள்.